வண்டிக்குப் போட்ட கட்டு

ராஜபாளையம்
6 ஜூலை 2025

பாண்டீஸ்வரி அவர்களுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். சித்திரையிலிருந்து மூடியிருக்கிறேன். நீ உன் தம்பி விஜயபாண்டியைக் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு சூட்கேஸையும் வண்டியையும் எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனபோதும் நான் எதுவும் சொல்லவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தேன். உன் தம்பி தெருமுனை வரை முதல் கியரிலேயே இரைய விட்டுக்கொண்டு போனான். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

இப்போதும் நான் பேசவில்லை. சேத்தூரில் உன் அக்காவின் புதுவீட்டுப் பால்காய்ச்சில் நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனபோது, உன் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "இனி அவகிட்ட ஒரு வார்த்தை பேசுனா என் பேரு சுயம்புலிங்கம் இல்ல" என்று சொன்னவன் நான். சொன்னதைக் காப்பாற்றுகிறேன். எழுதுவது பேசுவதாகாது. ஆகவே போன் இல்லை, தபால்.

விஷயம் இதுதான். மகாலட்சுமி கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாள். நீ ஏதோ பொட்டலில் வண்டிமேல் உட்கார்ந்திருக்கிறாய். ஹெல்மெட் உன் தலைக்குப் பெரிது. "உன் அம்மாவிடம் சொல்லு" என்று ஆரம்பித்தேன். "நீங்களே சொல்லுங்கப்பா, நான் என்ன தபால்காரியா?" என்று வைத்துவிட்டாள். வளர்த்தது நீ.

ஆர்.சி. உன் பெயரில் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் பதினோரு வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் மில் கழிவுப் பஞ்சு வாங்கிவந்து துடைத்தவன் நான். எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் நாற்காலியில் என்னைவிட ஆறு வருடம் இளையவன் உட்கார்ந்தானே, அன்றைக்குச் சாயங்காலமும் வீட்டுக்கு வந்து வண்டியைத்தான் துடைத்தேன். அதில் ஒரு கீறல் கிடையாது. இந்த ஊரில் எனக்குத் துரோகம் செய்யாத ஒரே பொருள் அது.

நீ பழகாதே என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் கேட்கப்போவதுமில்லை. பழகுகிறவர்கள் விழுவார்கள். ஆகவே விழும் முன் செய்யவேண்டியது: முன்னால் உள்ள கிராஷ் கார்டில் பழைய சைக்கிள் டியூபை நெருக்கமாகச் சுற்று. கைப்பிடி நுனி இரண்டிலும் ரப்பர் பந்தைப் பாதியாக அறுத்து மாட்டு. கிளட்ச், பிரேக் லீவர்களின் போல்ட்டைச் சற்றே தளர்த்தி வை. விழும்போது லீவர் திரும்பிக்கொள்ளும், முறியாது. இண்டிகேட்டருக்கு ஸ்பாஞ்ச். டேங்கை முழுக்கத் துணியால் போர்த்த வேண்டும். கண்ணாடிகளைக் கழற்றிவிடு, புதிதாக ஓட்டுகிறவர்கள் எப்படியும் பின்னால் பார்ப்பதில்லை. போட்டோவில் தரை முழுவதும் சரளை. செம்மண் தரையாகப் பார்.

இவ்வளவுதான்.

இப்படிக்கு,
ச. சுயம்புலிங்கம், எம்.ஏ., எம்.ஃபில்.,
முதுகலை ஆசிரியர் (பொருளியல்)


ஸ்ரீவில்லிபுத்தூர்
9 ஜூலை 2025

ஸார் அவர்களுக்கு,

கட்டின பெண்டாட்டிக்கு எம்.ஃபில். போட்டுக் கடிதம் எழுதுகிற ஆள் தமிழ்நாட்டிலேயே நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். மேலே 'அவர்களுக்கு', கீழே 'நீ'. ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். அரை மணி நேர பஸ் தூரத்துக்குக் கடிதம் மூன்று நாளாகி வந்து சேர்ந்தது. தபால்காரர், "என்னம்மா, கோர்ட் விஷயமா?" என்று கேட்டார்.

நான் ஏன் பழகுகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். வன்னியம்பட்டி துணை சுகாதார நிலையத்தோடு மலையடிவாரத்துக் குடியிருப்புகளையும் என்னிடம் சேர்த்துவிட்டார்கள். அங்கே பஸ் இல்லை. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறேன். ஆவணியில் ஒருத்திக்கு மாசம் நிறைகிறது. நான் நடந்து போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்துவிடும். நீங்கள் கொண்டுவிட்டுக் கூட்டிவருவீர்கள், உண்மைதான். ஆனால் பெல் அடித்தபின்தான் வருவீர்கள், வழியெல்லாம் தலைமையாசிரியரைத் திட்டிக்கொண்டு வருவீர்கள். வலி பெல்லுக்குக் காத்திருக்காது.

ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று சேத்தூரில் வைத்துத்தான் முதலில் சொன்னேன். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. "காலு ஒடிஞ்சா ஒட்டிக்கிடும்ட்டி. டேங்கு நசுங்குனா ஒட்டுமா?" இலையில் உட்கார்ந்திருந்த எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அப்போதுதான் எழுந்தேன்.

ஆகஸ்ட் 20 லைசென்ஸ் டெஸ்ட். எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். லைசென்ஸ் வந்ததும் நான் வேறு வண்டி பார்த்துக்கொள்வேன். உங்கள் வண்டி உங்கள் வாசலுக்கு வந்துவிடும். நான் வருவேனா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

எனக்குக் கற்றுத்தருவது கேத்ரின். ஆயுதப்படைப் போலீஸ், புல்லட் ஓட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து வண்டி பழகுகிற எங்கள் நாலு பேரையும் விரட்டுவாள். கண்ணாடியைக் கழற்றச் சொன்னீர்கள் என்றதும், "ஏக்கா, ஒங்க வீட்டுக்காரரு பின்னாடி வாரவன எப்பமுமே பாக்க மாட்டாரோ?" என்றாள். கண்ணாடி இருக்கும். அதில் பார்த்துப் பழகத்தான் வேண்டும்.

மற்றபடி டியூப் சுற்றிவிட்டேன். பந்து மாட்டிவிட்டேன். பொட்டலையும் மாற்றிவிட்டோம், இது கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், செம்மண். டேங்குக்கு என்ன துணி என்று எழுதவில்லை. சேலை வழுக்குகிறது.

பாண்டீஸ்வரி


ராஜபாளையம்
12 ஜூலை 2025

பாண்டீஸ்வரிக்கு,

சேலை வழுக்கத்தான் செய்யும். டேங்குக்கு வேண்டியது மெல்லிய, உறுத்தாத, இறுக்கிச் சுற்றினால் நகராத துணி. அப்படி ஒன்று இருக்கிறது. சத்திரப்பட்டித் தறியில் நெய்கிற பேண்டேஜ் துணி. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உன் ஆயுளில் பாதியை அதைச் சுற்றித்தான் கழித்திருக்கிறாய்.

இரண்டு உருளை வாங்கி, காலை ஏழரை மணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் கேட்டு வாங்கிக்கொள். அந்தக் கண்டக்டர் போன வாரம் எனக்குச் சில்லறை தரமாட்டேன் என்றவன். வண்டி இல்லாததால் இப்போது தினமும் அவன் முகத்தில்தான் விழிக்கிறேன்.

துணி வாங்கியது பால்சாமியிடம். எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் பால்சாமிதான். அவனுடைய அண்ணனுக்குத் தறி இருக்கிறது. தலைமையாசிரியர் விவகாரத்தில் அவன் எதிர்க்கட்சிக்குப் போன நாளிலிருந்து எட்டு வருடமாக நான் அவனோடு பேசியதில்லை. இந்தத் துணிக்காகப் பேசவேண்டியதாயிற்று. "யாருக்கு சார் அடி?" என்று பதறிப்போய்க் கேட்டான். வண்டிக்கு என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு உருளை எடுத்துக் கொடுத்தான். அவன் அப்படி அடக்கிக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

சுற்றும் முறை: முதலில் டேங்கின்மேல் பஞ்சு பரப்பு. அதன்மேல் துணியை இடமிருந்து வலமாக மூன்று அடுக்கு. பிறகு அதே துணியைக் கீழே இறக்கி, கிராஷ் கார்டின் இரண்டு பக்கமும் சுற்றி முடி. முக்கியமான விஷயம்: நுனியில் முடிச்சுப் போடாதே. முடிச்சு பெயிண்டில் உரசி உரசி வெள்ளை விழுந்துவிடும். நுனியை மடித்து உள்ளே செருகிவிடு. சைலன்சர் பக்கம் துணி போகக் கூடாது, கருகும்.

கண்ணாடி விஷயத்தில் அந்தப் போலீஸ் சொல்வது சரி. என் சொந்த விஷயத்தில் கருத்துச் சொல்ல அவளுக்கு உரிமை கிடையாது.

நேற்று வெள்ளிக்கிழமை. துடைக்க வண்டி இல்லை. மிக்ஸியைத் துடைத்தேன்.

ச. சுயம்புலிங்கம், எம்.ஏ.


ஸ்ரீவில்லிபுத்தூர்
16 ஜூலை 2025

ஸார் அவர்களுக்கு,

எம்.ஃபில். போய்விட்டது, கவனித்தேன்.

துணி வந்தது. சுற்றிவிட்டேன். நல்ல நெசவு. எங்கள் ஸ்டோரில் வருவதைவிட நன்றாக இருக்கிறது. பால்சாமி ஸாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அதைச் சொல்வதற்காகவாவது இன்னொரு முறை அவரிடம் பேசுங்கள்.

வண்டியைப் பார்த்ததும் பொட்டலில் ஒரே சிரிப்பு. கேத்ரின் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது வண்டியாக்கா, இல்ல ஜி.எச்.ல ஆர்த்தோ வார்டுல கெடக்க பேஷண்டா? குளுக்கோஸ் எதும் ஏத்தணுமா?" என்றாள். என்னோடு பழகும் வெள்ளத்தாய், "ஏட்டி, சும்மா இரு. அவிய வீட்டுக்காரரு அனுப்புன துணி. எம் மாப்பிள எனக்கு ஒரு கைக்குட்ட அனுப்புனது கெடையாது" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். மருந்துக்கடை அட்டைப்பெட்டி மாதிரி வெள்ளையாக நிற்கிறது. ஆனால் யார் வண்டி எதுவென்று தூரத்திலிருந்தே தெரிகிறது.

போன ஞாயிறு முதன்முதலாக இரண்டாவது கியர் போட்டேன். காற்று முகத்தில் அடித்தது. இருபத்திரண்டு வருடம் உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறேன். ரோடு இவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும். முடிச்சில்லாத கட்டு எங்கள் தொழிலில் கிடையாது. செருகிவிட்ட நுனி நடமாட்டத்தில் கழன்றுவிடும். டிரெய்னிங்கில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள். ஓரமாக, பெயிண்ட் படாத இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளட்டுமா?

பாண்டீஸ்வரி


ராஜபாளையம்
19 ஜூலை 2025

பாண்டீஸ்வரிக்கு,

வேண்டாம். நீ கட்டுவது மனிதர்களுக்கு. மனிதத் தோலில் முடிச்சு உரசினால் இரண்டு நாளில் ஆறிவிடும். பெயிண்ட் ஆறாது. செருகினால் போதும், இறுக்கமாகச் செருகு.

பால்சாமியிடம் சொன்னேன். டீ வாங்கிக்கொடுத்தான். சர்க்கரை அதிகம்.

ச. சுயம்புலிங்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
29 ஜூலை 2025

ஸார் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நேற்று ஆடிப்பூரத் தேர். ஊரெல்லாம் கூட்டம். அதனால் பதில் தாமதம். நீங்கள் சொன்னபடி செருகித்தான் கட்டினேன். வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. கவலைப்பட வேண்டாம்.

பாண்டீஸ்வரி


ராஜபாளையம்
1 ஆகஸ்ட் 2025

பாண்டீஸ்வரிக்கு,

நாலே வரி. தந்திகூட இதைவிட நீளமாக இருக்கும்.

இருந்தாலும் சந்தோஷம். ஒரு மாதப் பயிற்சி, ஒரு கீறல் இல்லை. கட்டு வேலை செய்கிறது என்று இப்போதாவது ஒத்துக்கொள். இதையெல்லாம் யோசித்துச் செய்கிற ஒருவனைத்தான் உன் அக்கா 'கஞ்சப் பயல்' என்று என் காதுபடச் சொன்னாள், நம் கல்யாணமான புதிதில், உங்கள் வீட்டு அடுக்களையில் வைத்து. நான் மறக்கவில்லை.

உனக்குத் தேருக்குப் போகும் வழக்கம் உண்டே, போனாயா? போனால் பால்கோவா வாங்கி மகாலட்சுமிக்கு அனுப்புவாய். எனக்கும் வாங்குவாய். இந்த வருடம் வாங்கியிருக்க மாட்டாய். கேட்பதற்காகச் சொல்லவில்லை. எனக்கு இப்போது சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இங்கே தினமும் சாரல். அங்கேயும் இருக்கும். துணி நனைந்தால் அவிழ்த்துக் காயவைத்துக் கட்டு. ஈரம் நின்றால் டேங்கில் துருப் பிடிக்கும்.

உன் கையெழுத்து போன கடிதத்தில் கோணலாக இருந்தது. சாய்ந்து படுத்துக்கொண்டு எழுதியது போல. ஏன்?

சுயம்புலிங்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
5 ஆகஸ்ட் 2025

என்னங்க,

படுத்துக்கொண்டுதான் எழுதினேன். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். கையெழுத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். இதற்கு முன் என் கையெழுத்தைப் பார்த்து நீங்கள் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஜூலை 27, ஞாயிறு. காலையிலிருந்தே சாரல் பிசுபிசுத்தது. நான் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று தடவை கால் ஊன்றாமல் வந்துவிட்டேன். கேத்ரின் கை தட்டினாள். நாலாவது தடவை திரும்பும்போது பிரேக்கை மிதித்தேன். மிதி இறங்கவில்லை. துணி நனைந்து கனத்து, வலது பக்கம் செருகியிருந்த நுனி கழன்று தொங்கி, பிரேக் பெடலுக்கும் கால் வைக்கிற கட்டைக்கும் நடுவில் சுற்றிக்கொண்டது. மிதிக்க மிதிக்க இன்னும் இறுகியது. எதிரே மண்டபத்துச் சுவர். ஹேண்டிலை ஒடித்துத் திருப்பினேன். வண்டி வலது பக்கமாகச் சாய்ந்தது.

இதற்கு மேல்தான் உங்களிடம் சொல்லவேண்டிய விஷயம்.

வேகமே இல்லை. நடக்கிற வேகம்தான். சாய்கிறது என்று தெரிந்தபின் காலை எடுத்துக்கொள்ள நேரம் இருந்தது. கேத்ரின், "விடுக்கா! வண்டிய விட்டுட்டு வாக்கா!" என்று கத்தினாள், அதுவும் காதில் விழுந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? டேங்க். ஒருமுறைகூட 'ஐயோ நான்' என்று நினைக்கவில்லை. காலை எடுக்காமல் அடியில் கொடுத்தேன். டேங்க் தரையில் படவில்லை. என் கால்மேல் படுத்துக்கொண்டது. சைலன்சர் ஆடுசதையில் ஒட்டிக்கொண்டது.

கணுக்கால் பிசகல், எலும்பு முறியவில்லை. சூட்டுப்புண் உள்ளங்கை அகலம். நானே நர்ஸ், நான் பார்த்துக்கொண்டேன். நீங்கள் அனுப்பியதில் ஒரு உருளை பிரிக்காமல் இருந்தது. கேத்ரின் அதைக் கொதிநீரில் போட்டுக் காயவைத்து எடுத்துத் தந்தாள். அந்தத் துணிதான் இப்போது என் காலில் இருக்கிறது. நுனியில் முடிச்சுப் போட்டிருக்கிறேன்.

கேத்ரினுக்குக் கோபம். வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு என்னிடம் வந்தவள், "எதுக்குக்கா கால விட்ட?" என்றாள். சொன்னேன்.  "எம்புட்டு வருசம் பழகுனா இது வரும்?" என்று கேட்டாள். 

காலு ஒடிஞ்சா ஒட்டிக்கிடும் என்றீர்கள். ஒடியவில்லை, துணிதான் புண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. எனக்கு என்மேல்தான் பயமாக இருக்கிறது. நாளைக்கு மலையடிவாரக் காடு மேட்டில் விழுந்தால் அங்கேயும் காலைத்தான் கொடுப்பேன். காலை ஒடித்துக்கொண்ட நர்ஸால் யாருக்குப் பிரயோஜனம்?

இந்த ஞாயிறு மறுபடி வண்டி எடுக்கிறேன். கிராஷ் கார்டில் இருந்த துணியை எல்லாம் அவிழ்த்தாகிவிட்டது. டேங்கில் உள்ளது மட்டும் நீங்கள் சொன்னபடி, செருகினபடியே இருக்கிறது. ஏன் என்று கேட்காதீர்கள். பின் சீட்டில் அரிசி மூட்டை ஒன்றைக் கட்டி ஓட்டச் சொல்லியிருக்கிறாள் கேத்ரின், ஆள் ஏற்றிப் பழக வேண்டுமாம். மூட்டை நல்ல மாதிரி. யாரையும் திட்டுவதில்லை. ஆனால் வளைவில் என் தோளைப் பிடித்துக்கொள்வதும் இல்லை.

பால்கோவா வாங்கினேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் வாங்கினேன். கெட்டுப்போய்விடும் என்று வெள்ளத்தாய்க்குக் கொடுத்துவிட்டேன். சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றால் ராத்திரிச் சோற்றை நிறுத்துங்கள்.

ஈஸ்வரி


ராஜபாளையம்
10 ஆகஸ்ட் 2025

ஏட்டி,

உன் கடிதத்தை வியாழக்கிழமை படித்தேன். அதன்பின் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்குத் தெரியாது. பால்சாமி வந்து, "என்ன சார், உடம்புக்கு முடியலையா?" என்றான். உன் கடிதத்தை அவனிடம் கொடுத்தேன். அவன் படித்துவிட்டு மடித்துக் கையில் தந்து, "ஏன் சார் முடிச்சுப் போட வேணாம்னீங்க?" என்றான். எட்டு வருடம் அவனோடு பேசாமல் இருந்தது சரிதான் என்று ஒரு நிமிடம் தோன்றியது.

இன்று காலை நான் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தேன். உனக்குத் தெரியாது. அதே ஏழரை மணி பஸ், அதே கண்டக்டர். மண்டபத்துக்குப் பின்னால் வேப்பமரம் இருக்கிறதே, அதற்குப் பின்னால் நின்றேன். ஐம்பத்து மூன்று வயதில் மரத்துக்குப் பின்னால் நிற்கிறவனை யார் பார்த்தாலும் திருடன் என்றுதான் நினைப்பார்கள்.

நீ ஓட்டினாய். மூட்டையோடு எட்டுப் போட்டாய். கால் ஊன்றவில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயச் சாய உன் வலது முழங்கால் டேங்கை ஒட்டிக்கொண்டு இறங்கியது. உனக்கே தெரியாமல் இறங்கியது. தேங்காயை மடியில் வைத்திருப்பவள் மாதிரி. இறங்கி நடந்தபோது நொண்டினாய். வெள்ளத்தாயிடம் என்னவோ சொல்லிச் சிரித்தாய். எனக்குக் கேட்கவில்லை.

சேத்தூரில் அந்தக் காலு, டேங்கு பேச்சைச் சொன்னது நான்தான். மறுக்கவில்லை. சிரித்ததும் நான்தான். அன்றைக்குச் சிரித்த மற்றவர்களை நான் மன்னிக்கப்போவதில்லை, அது வேறு விஷயம்.

நீங்கள் எல்லாரும் ரோட்டோர டீக்கடைக்குப் போனீர்கள். வண்டி தனியாக நின்றது. நான் போனேன். டேங்கின் வலது பக்கத்துத் துணியை விலக்கினேன். பஞ்சை ஒதுக்கினேன். பதினோரு வருடம் முன்னால் ஷோரூமில் பார்த்த அதே பளபளப்பு. என் முகம் தெரிந்தது. நல்ல முகமாக இல்லை.

சட்டைப் பையில் நம் வீட்டுச் சாவி இருந்தது. அதை எடுத்து, டேங்கின் நடுவில், ஒரு ஜாண் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தேன். முதலில் கை அழுந்தவில்லை. பெயிண்ட் லேசாக வெளுத்தது, அவ்வளவுதான். அது போதாது, துடைத்தால் மறைந்துவிடும். இரண்டாவது முறை அழுத்தி இழுத்தேன். இரும்பு தெரிந்தது. அந்தச் சத்தம் இன்னும் பல்லில் கூசுகிறது. எந்தப் பாலீஷுக்கும் போகாது. எனக்குத் தெரியும், எல்லாப் பாலீஷும் போட்டுப் பார்த்தவன் நான்.

பிறகு பஞ்சை வைத்து, துணியைச் சுற்றி, நுனியில் முடிச்சுப் போட்டேன். உன் முடிச்சு போல இல்லை, வாத்தியார் முடிச்சு. இந்தக் கடிதம் வருவதற்குள் அதை நீ பார்த்திருந்தால், யார் போட்டது என்று யோசித்திருப்பாய்.

இப்போது சொல்வதைச் செய். முடிச்சை அவிழ். துணி, பஞ்சு, டியூப், பந்து எல்லாவற்றையும் எடுத்துப் போடு. லீவர் போல்ட்டை மட்டும் முறுக்கிவிடு; ரோட்டில் தளர்ந்திருக்கக் கூடாது. கோட்டை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள். இனி அந்த வண்டியில் காப்பாற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

வண்டி சாய்ந்தால் விட்டுவிடு. எப்படி விடுவது என்று இதுவரை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பிடித்துக்கொள்ளத்தான் சொல்லிக்கொடுத்தேன். சாய்கிறது என்று தெரிந்ததும் கைப்பிடியிலிருந்து இரண்டு கையையும் எடு. சாயும் பக்கத்துக் காலை வெளியே அகட்டி வைத்து, வண்டியை விட்டு நட. பிடிக்கப் பார்க்காதே. திரும்பிப் பார்க்காதே. அது படுத்தால் படுக்கட்டும். இரும்புதானே. மலைச்சாமி ஒர்க் ஷாப்பில் ஒரு மத்தியானத்தில் தட்டி நிமிர்த்திவிடுவான். நீ டெஸ்டுக்கு முன்னால் இதையும் பழகு. கேத்ரினிடம் சொல்லி, செம்மண்ணில் வைத்து நாலு முறை வேண்டுமென்றே கீழே போடு. அவள் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

வண்டியைத் திருப்பித் தரவேண்டாம். மலையடிவாரத்துக்கு அதுதான் தோதான வண்டி. வெள்ளிக்கிழமைகளில் எனக்கு மிக்ஸி இருக்கிறது.

நீ வருவாயா என்று இதில் நான் கேட்கவில்லை. கேட்கவேண்டியதை நேரில் கேட்கிறேன். 20-ஆம் தேதி எனக்கு லீவு. போட்டுவிட்டேன். தலைமையாசிரியர் காரணம் கேட்டார், 'சொந்தக் காரணம்' என்று எழுதினேன். அதற்கும் ஒரு பார்வை பார்த்தார், குறித்துக்கொண்டேன். டெஸ்ட் நடக்கும் இடத்தில் வாசலிலேயே நிற்பேன். மரத்துக்குப் பின்னால் இல்லை. நீ எட்டுப் போட்டு முடித்துவிட்டு வா. மூட்டையை வெள்ளத்தாய் வீட்டில் இறக்கி வைத்துவிடு. லைசென்ஸ் கைக்கு வந்ததும் அந்த இடத்தில் நான் உட்காருகிறேன். மூட்டையைவிடக் கொஞ்சம் கனம்தான், ஆனால் ராத்திரிச் சோற்றை நிறுத்தியாகிவிட்டது. வளைவில் தோளைப் பிடித்துக்கொள்வேன். வழியில் யாரையும் திட்டாமல் வர முயற்சி செய்கிறேன், சத்தியம் செய்யவில்லை.

அன்றைக்கு உன்னைப் பார்த்ததும் வாய் திறந்து பேசிவிடுவேன். என்ன பேசுவேன் என்றுகூட இப்போதே தெரியும். "காலக் காட்டுட்டி" என்பேன்.

பேசினால் என் பெயர் சுயம்புலிங்கம் இல்லை என்று சேத்தூரில் சொல்லிவிட்டு வந்தவன் நான். சொன்ன சொல்லை மாற்றி எனக்குப் பழக்கமில்லை. இந்தக் கடிதத்தின் அடியில் அந்தப் பெயரை எழுதப் பேனாவை வைத்தேன். இனி அது செல்லாது என்று தோன்றியது. எடுத்துவிட்டேன். நாளைக் காலை பஸ் ஏறும் முன், பெயர் போடாமலே இதைத் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.